காலையில் சாப்பிட்டது நினைவில்லை, சிறு வயதில் படித்த கணக்கு மறக்கவில்லை: இது எப்படி?

வளவு வீட்டுப் பேரன், கானாடுகாத்தான்

எங்கள் ஐயாவுக்கு 87 வயது. சிறு பிள்ளையாக இருந்தபோது வீட்டுக் கணக்குப்பிள்ளையிடம் கீழ்வாய் இலக்கம் (பழந்தமிழ்ப் பின்னக் கணக்கு) படித்தவர். இன்றைக்குக் கேட்டாலும் முந்திரி 320-இல் ஒன்று, அரைக்காணி 160-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று என்று தொடங்கி மா, மாகாணி, அரைக்கால் வரை தடுமாறாமல் சொல்வார். மாகாணியை மாகாணியால் பெருக்கினால் என்ன என்று கேட்டால் நான் கைபேசியை எடுப்பதற்குள் விடை வந்துவிடும். ஆனால் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "இன்றைக்கு இன்னும் இலை போடவில்லையா?" என்று கேட்கிறார். ஊரிலிருந்து வந்த கொள்ளுப்பேத்தியின் பெயரை ஒரே நாளில் பல முறை கேட்டுவிட்டார்.

உறவினர்கள் இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். வயதானால் அப்படித்தான் என்பது ஒன்று. அந்தக் காலத்து மனப்பாடம் அப்படி, இந்தக் காலத்தில் எதுவும் மனத்தில் நிற்பதில்லை என்பது மற்றொன்று. இரண்டும் எனக்குப் போதவில்லை. நினைவு தேய்கிறது என்றால் பழையதுதானே முதலில் தேய வேண்டும்? புதியது ஏன் முதலில் போகிறது? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் எங்கள் வீட்டுக்கு உதவியாக இருக்கும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், தேவகோட்டை

உங்கள் உறவினர்கள் சொன்ன இரண்டாவது விளக்கத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். அதில் பெரிய உண்மை இருக்கிறது.

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாகத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885-இல் வெளியிட்டார். ஒரு வரிசையை மீண்டும் படிக்கும்போது முதல்முறை ஆன நேரத்தில் எவ்வளவு மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். 20 நிமிடம் கழித்துச் சுமார் 58 விழுக்காடு மிச்சம். ஒரு நாள் கழித்து 34 விழுக்காட்டுக்கு அருகில். ஒரு மாதம் கழித்து 21. முதல் சில மணி நேரத்தில் மறதி செங்குத்தாக இறங்கி, பிறகு ஏறக்குறையச் சமதளமாக ஓடுகிறது. முதல் நாளைத் தாண்டி நிற்பது மெதுவாகத்தான் குறைகிறது என்பது அதிலிருந்து தெரிகிறது.

பழைய கணக்குப்பிள்ளைகள் இதைப் படித்ததில்லை, ஆனால் செய்தார்கள். சுவடியை மூடச் சொல்லிவிட்டு, "முக்காணி எவ்வளவு, சொல்" என்பார்கள். நேற்றுப் படித்ததை இன்று கேட்பார்கள், போன வாரத்ததை நாளை கேட்பார்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-இல் மாணவர்களை வைத்து இதையே சோதித்தார்கள். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒருமுறை படித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். படிப்பதால் நினைவு உறுதிப்படுவதைவிட, தேடி வெளியே எடுப்பதால் கூடுதலாக உறுதிப்படுகிறது.

பிள்ளைகளுக்கு மனப்பாடமே வேண்டாம் என்று சொன்னவர்கள் ஒரு தலைமுறைக்கே தீங்கு செய்தார்கள் என்பது என் உறுதியான கருத்து.

பள்ளத்தூர் வாசகி

ஆசிரியர் ஐயா சொல்வதை முழுமையாக ஏற்க முடியவில்லை. எங்கள் ஆத்தா எதையும் உட்கார்ந்து மனப்பாடம் செய்தவர் அல்லர். மூத்தவள் கல்யாணத்துக்கு யார் என்ன வைத்தார்கள், எந்த வெள்ளிச் சாமான் எந்தப் பெட்டியில் இருக்கிறது, எந்த வீட்டுக்கு முறை செய்ய வேண்டும் என்பதெல்லாம் சீர்முறைகளைக் குறித்துவைக்கும் முறைச்சிட்டையைப் பார்க்காமலே சொல்வார். யாரும் அவரைப் புத்தகத்தை மூடச் சொல்லிக் கேள்வி கேட்கவில்லை. அவருக்கு அந்த மனிதர்கள் முக்கியமானவர்கள், அதனால் நினைவிருக்கிறது. என்னுடன் பள்ளியில் பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பித்தவர்களில் பாதிப் பேருக்கு இன்று ஏழாம் வாய்ப்பாடே வராது. பொருளோடும் பாசத்தோடும் சேராத மனப்பாடம் நிற்காது.

கண்டனூர்ச் செவிலி, இப்போது சென்னை

நரம்பியல் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் இருவரும் சொல்வது நினைவு எப்படி உறுதிப்படுகிறது என்பதைப் பற்றியது. தம்பி கேட்டது வேறு: புதியது ஏன் முதலில் போகிறது?

நினைவு என்பது மூளையில் ஒரே இடத்தில் நடக்கும் ஒரே வேலை அன்று. இது ஒரு நோயாளியால் உலகத்துக்குத் தெரிய வந்தது. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்க இளைஞருக்குக் கடுமையான வலிப்பு. 1953-இல், அவருடைய 27-ஆம் வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இரு பக்கமும் பொட்டுக்கு உட்புறமாக உள்ள பகுதியை அகற்றினார். அங்கே உள்ள ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதி அதோடு போய்விட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவரால் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் நிறுத்த முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் ஆண்டுக்கணக்கில் அவரைச் சோதித்தார். ஒவ்வொரு சந்திப்பும் மொலைசனுக்கு முதல் சந்திப்புத்தான். பேச்சும் அறிவும் கெடவில்லை. சிறு வயது நிகழ்ச்சிகள் நினைவிருந்தன. ஓர் எண்ணைச் சொன்னால், மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருக்கும்வரை வைத்திருப்பார். கவனம் திரும்பினால் போய்விடும்.

இன்னொன்றையும் மில்னர் கண்டார். கண்ணாடியில் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் விளிம்பை வரையச் சொன்னார். நாளுக்கு நாள் மொலைசனின் கை தேர்ந்துகொண்டே வந்தது. ஆனால் இதற்கு முன்பு வரைந்ததாக அவருக்கு நினைவே இல்லை. கைப்பழக்கத்தின் நினைவுக்கு வேறு பாதை உண்டு என்று அப்போது விளங்கியது. அவர் 2008-இல் காலமானார்.

நம் ஊர் வழக்கில் சொல்வதானால், அன்றன்று நடப்பதைச் சிட்டையில் குறித்துப் பேரேட்டில் ஏற்றுகிற கணக்குப்பிள்ளை ஹிப்போகாம்பஸ். அவர் வேலைக்கு வராவிட்டால் பழைய பேரேடு அப்படியே இருக்கும், புதிய வரவு ஏறாது. அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தொடுவது அந்தப் பகுதியையும் அதன் அண்டைப் பகுதியையும்தான். இளமையில் ஆயிரம் முறை எடுத்துப் புழங்கிய கணக்கு மூளையின் மேலுறையில் பரவி நிலைத்துவிட்டது. இன்று காலை இட்லி ஏறவே இல்லை. ஐயா அதை மறந்தார் என்பதைவிட, அது பதியவே இல்லை என்பது சரி. புதியது முதலில் போகும், பழையது கடைசியில் போகும் என்பதை தெயோதுல் ரிபோ என்ற பிரெஞ்சுக்காரர் 1881-லேயே எழுதிவிட்டார்.

இதையெல்லாம்விட நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. "வயதானால் அப்படித்தான்" என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்லவிடாதீர்கள். வயது ஏறினால் ஒரு பெயர் நாக்கு நுனியில் வந்து நிற்கும், கொஞ்ச நேரத்தில் தானே வரும். அது இயல்பு. சாப்பிட்டதே நினைவில்லை என்பது இயல்பு அன்று, பரிசோதிக்க வேண்டியது. சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல இருக்கின்றன. பி12 வைட்டமின் குறைவு அதில் முக்கியமானது. சைவ உணவுக்காரர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும், அமிலத்தைக் குறைக்கும் வயிற்று மாத்திரையை ஆண்டுக்கணக்கில் போடுபவர்களுக்கும் அது குறைய வாய்ப்பு அதிகம். தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, எப்போதோ விழுந்து தலையில் அடிபட்டு மெல்ல மெல்லச் சேர்ந்த இரத்தக்கட்டு ஆகியவையும் மறதியாகவே தெரியும். சிலவகை ஒவ்வாமை மாத்திரைகளும், சிறுநீர் அடக்க முடியாமைக்குக் கொடுக்கும் மருந்துகளும் முதியவர்களின் நினைவைக் கலைக்கும். திடீரென்று ஒரே நாளில் குழப்பம் வந்தால் சிறுநீர்த் தொற்றா என்று பாருங்கள். எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வளவு வீட்டுப் பேரன், கானாடுகாத்தான்

மிக்க நன்றி, ஆச்சி. நீங்கள் சொன்னதில் மூன்று எங்கள் ஐயாவுக்குப் பொருந்துகிறது: சைவ உணவு, மெட்ஃபார்மின், பல ஆண்டுகளாக வயிற்று மாத்திரை. இதுவரை யாரும் பி12 பார்க்கச் சொல்லவில்லை.

இன்னொரு சந்தேகம். சென்னையில் சித்தப்பா வீட்டில் வைத்திருந்தபோது கழிவறைக்கு வழி தெரியாமல் தவித்தார். அழுதும் இருக்கிறார். இங்கே முகப்பிலிருந்து வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, பின்கட்டு வரை விளக்கில்லாமல் இரவில் நடக்கிறார். எந்தப் படி உயரம், எந்த நிலை தாழ்வு என்பது காலுக்கே தெரிகிறது. இங்கேயே இருந்தால் நினைவு திரும்புமா?

ஆத்தங்குடிப் பெண்

இடத்துக்கும் நினைவுக்கும் உறவு உண்டு. கோடன், பேட்லி என்ற இருவர் 1975-இல் முக்குளிப்பவர்களை வைத்துச் சோதித்தார்கள். தண்ணீருக்கடியில் கேட்ட சொற்கள் தண்ணீருக்கடியிலேயே கூடுதலாக நினைவுக்கு வந்தன, கரையில் கேட்டவை கரையில் வந்தன. என் மாமியார் பத்தி அறைக்குள் போனாலே பழைய கதைகள் தானாக வரும், வெளியே உட்கார்ந்து கேட்டால் ஒன்றும் வராது. பெரியவரை ஊரை விட்டு நகர்த்தாதீர்கள்.

கண்டனூர்ச் செவிலி, இப்போது சென்னை

ஆத்தங்குடிச் சகோதரிக்கு ஒரு திருத்தம். அந்த முக்குளிப்புச் சோதனையை 2021-இல் மீண்டும் செய்து பார்த்தபோது அதே வேறுபாடு கிடைக்கவில்லை. ஆகவே அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆனால் முடிவு சரிதான். பழகிய வீட்டில் கால் தன் வழக்கப்படி போகிறது, வழியை நினைவுகூர வேண்டிய தேவையே இல்லை. புது வீட்டில் ஒவ்வொரு கதவையும் புதிதாகப் பதிய வேண்டும், அவரால் முடியாதது அதுதான். நினைவு திரும்பாது, தம்பி. திணறல் குறையும். அதுவே பெரிய நிம்மதி. ஆனால் விளக்கில்லாமல் நடக்கவிடாதீர்கள், தயவுசெய்து. நிலைப்படிகளில் சிறு விளக்குப் போடுங்கள். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கொத்தமங்கலத்துக்காரன்

இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

எங்கள் அப்பச்சி (அப்பா) 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனிலிருந்து நடந்தே வந்ததாகச் சொல்வார். காடு, மழை, வழியில் விட்டுவந்த பெட்டி, கூட நடந்து காலராவில் இறந்துபோன சமையற்காரர், எல்லாம் கண்ணில் நீர் வரச் சொல்வார். போன ஆண்டு வீட்டில் பழைய காகிதங்களைப் பிரித்தபோது, நாலு வயதுப் பிள்ளையாக அவரும் அவருடைய ஆத்தாவும் 1941-லேயே கப்பலில் வந்திறங்கிய சான்று கிடைத்தது. நடந்து வந்தவர் அவருடைய சித்தப்பா. பங்காளிகளில் ஒருவர் அந்தக் காகிதத்தை நடு வளவில் எல்லோர் முன்னாலும் வாசித்து, "இவ்வளவு நாள் பொய் சொன்னீர்களா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அப்பச்சி பர்மா என்ற சொல்லையே எடுப்பதில்லை. அவருக்கு மறதிநோய் எதுவும் இல்லை. கணக்கு வழக்கெல்லாம் தெளிவாகப் பார்க்கிறார். அவர் பொய் சொல்கிற மனிதர் அல்லர். இது என்ன?

ஓய்வு பெற்ற ஆசிரியர், தேவகோட்டை

படிக்கவே வருத்தமாக இருக்கிறது. உங்கள் அப்பச்சி பொய் சொல்லவில்லை.

1932-இல் ஃபிரெடரிக் பார்ட்லெட் என்ற ஆங்கிலேய உளவியலாளர் ஒரு முடிவை முன்வைத்தார். நாம் நினைவுகூரும்போது பழையதை அப்படியே எடுப்பதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறோம் என்பது அது. அவர் ஓர் அயல்நாட்டுக் கதையைப் படிக்கக் கொடுத்து, நாள் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னவர்கள் புரியாததை விட்டு, தங்களுக்குப் பழகியதைச் சேர்த்து, தங்கள் ஊர்க் கதையாகவே மாற்றிவிட்டார்கள். எலிசபெத் லாஃப்டஸ் 1974-இல் கார் விபத்துப் படமொன்றைக் காட்டி, கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்று சிலரையும், "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்று சிலரையும் கேட்டார். கடுமையான சொல்லைக் கேட்டவர்கள் அதிக வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் அவர்களிலேயே அதிகம். ஒரு சொல் அவ்வளவு செய்யும் என்றால், நாலு வயதுப் பிள்ளை சித்தப்பாவின் மடியில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் கேட்ட கதை என்ன செய்யாது? மூன்று, மூன்றரை வயதுக்கு முந்திய நிகழ்ச்சிகள் யாருக்கும் பெரும்பாலும் நிற்பதில்லை. அதற்கடுத்த சில ஆண்டுகளும் துண்டு துண்டாகவே நிற்கும். அந்த இடைவெளியைக் கேட்ட கதை நிரப்பிவிட்டது. சமையற்காரருக்காக அவர் விட்ட கண்ணீர் உண்மையானது.

பள்ளத்தூர் வாசகி

அப்படியானால் நம் பெரியவர்கள் சொல்லும் பர்மா, மலேயாக் கதைகளில் எதைத்தான் நம்புவது? எழுத்தில் இருப்பவை ஆண்கள் கடல்கடந்து கொண்டுவிற்ற (வணிகம் செய்த) வரவு செலவும் வட்டிக் கணக்கும்தான். பெண்கள் பட்டது எந்த ஏட்டிலும் இல்லை, சொல்லில்தான் இருக்கிறது.

கண்டனூர்ச் செவிலி, இப்போது சென்னை

நம்பலாம், கேட்கிற முறை தெரிந்தால். பெரியவர்களிடம் பதிவு செய்யும்போது "நீங்கள் நடந்துதானே வந்தீர்கள்?" என்று விடையை உள்ளே வைத்துக் கேட்காதீர்கள். "அப்புறம் என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். இதை நீங்களே பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா என்று மென்மையாகப் பிரித்துக் கேளுங்கள். இருவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள், ஒன்றாக உட்காரவைத்தால் ஒருவர் நினைவு மற்றவருக்குள் போய்விடும். எதை நினைத்தோம் என்பது குழம்புவதைவிட எங்கிருந்து வந்தது என்பதுதான் சீக்கிரம் குழம்பும்.

கொத்தமங்கலத்துத் தம்பிக்கு: அந்தக் காகிதத்தைப் பற்றி இனிப் பேச வேண்டாம். அப்பச்சியிடம் போய் அவருடைய சித்தப்பாவைப் பற்றிக் கேளுங்கள். அந்த நடையை நடந்தவரிடம் நேராகக் கேட்டவர் இன்று உங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். அது எழுதிவைக்க வேண்டிய சாட்சி.

கொத்தமங்கலத்துக்காரன்

செய்கிறேன், ஆச்சி.

கல்லூரி மாணவி, காரைக்குடி

பெரியவர்கள் பேசும் இடத்தில் என் கேள்வி சிறியது. தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுக்கக் கண்விழித்துப் படிக்கிறேன். வண்ணக் கோடு போட்டுப் பல தடவை வாசிக்கிறேன். வாசிக்கும்போது எல்லாம் தெரிகிறது, தாளைப் பார்த்ததும் போய்விடுகிறது. எனக்கு ஞாபகசக்தியே இல்லையா?

ஓய்வு பெற்ற ஆசிரியர், தேவகோட்டை

சிறிய கேள்வி அன்று, அம்மா. உன் நினைவுக்கு ஒன்றும் குறைவில்லை. திரும்ப வாசிக்கும்போது எழுத்து பழகிய முகமாகத் தெரிகிறது, அதைத் தெரியும் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பாராமல் சொல்வது வேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை.

ஒரு பக்கம் படி, மூடு, வெள்ளைத் தாளில் எழுது. வராததை மட்டும் திறந்து பார். நாளைக்கு ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை இதையே செய். கொஞ்சம் மறந்தபிறகு தேடி எடுப்பது கடினமாக இருக்கும், அந்தக் கடினம்தான் வேலை செய்கிறது. ஒரே நேரத்தில் மனம் பிடித்துவைக்கக்கூடியது நான்கு பொருளுக்குப் பக்கம்தான், அதனால் பத்து வரையறைகளை ஒரே மூச்சில் விழுங்காதே. சேர்ந்தவற்றைச் சேர்த்துக் கட்டு.

இரவு தூங்கு. ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் 1924-லேயே காட்டினார்கள்: படித்துவிட்டுத் தூங்கியவர்களுக்கு, அதே நேரம் விழித்திருந்தவர்களைவிட அதிகம் நின்றது. பகலில் பதிந்ததை மூளை உறக்கத்தில் நிலைப்படுத்துகிறது என்று இன்றைய ஆய்வுகளும் சொல்கின்றன. விடியவிடியப் படிப்பவர்கள் அந்த வேலையை நடக்கவிடாமல் தடுக்கிறார்கள்.

வாசகி ஆச்சி முன்பு சொன்னதையும் சேர்த்துக்கொள். அவருடைய ஆத்தா ஒவ்வொரு விசேஷத்துக்கும் "இந்த வீட்டுக்கு என்ன முறை" என்று நினைத்துப் பார்த்தே செய்திருப்பார். அதுவும் தேடி எடுத்தல்தான். பொருளும் பாசமும் இருந்தால் தேடல் தானாக நடக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

பள்ளத்தூர் வாசகி

அதை ஏற்கிறேன்.

எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். என் தங்கை போய் நெடுங்காலம் ஆகிறது. முன்பெல்லாம் கண்ணை மூடினால் முகம் வரும். இப்போது புகைப்படத்தில் இருக்கிற முகம்தான் வருகிறது, பேசுகிற முகம் வருவதில்லை. குரல் போயே போய்விட்டது. அவளை மறந்துகொண்டிருக்கிறேனா என்று இரவில் பயமாக இருக்கிறது.

கண்டனூர்ச் செவிலி, இப்போது சென்னை

இல்லை, ஆச்சி. எதைத் திரும்பத் திரும்ப எடுக்கிறோமோ அது மற்றவற்றின் முன்னால் வந்து நிற்கும். நீங்கள் தினமும் பார்ப்பது படத்தை, அதனால் படம் முன்னால் வருகிறது. அன்பு குறைந்ததற்கு அது அடையாளம் அன்று. அவரோடு சேர்ந்து செய்த ஒன்றைச் செய்து பாருங்கள். அவருக்குப் பிடித்த பலகாரம், அவர் போட்ட கோலம், எதுவானாலும். வாசனையும் கைவேலையும் படம் திறக்காத சிலவற்றைத் திறப்பதுண்டு.

வளவு வீட்டுப் பேரன், கானாடுகாத்தான்

பரிசோதனை முடிந்தது. ஐயாவுக்குப் பி12 மிகக் குறைவு. ஊசி தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு காதும் வெகுவாக மந்தம். ஸ்கேனில் ஹிப்போகாம்பஸ் பகுதி சுருங்கியிருப்பதாகவும் சொன்னார்கள். ஊசியால் ஓரளவு தெளிவு வரலாம், முழுவதும் வரும் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். காதுக்குக் கருவி வைக்கச் சொல்கிறார்கள். ஐயா வேண்டாம் என்கிறார். அது அவசியமா? இன்னொன்று: சில நில ஆவணங்கள் அவர் பெயரில் இருக்கின்றன. எப்போது பேசுவது, எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.

கண்டனூர்ச் செவிலி, இப்போது சென்னை

கருவி அவசியம். லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2024-இல் மறதிநோய்க்கு வழிவகுக்கும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. காது கேளாமை அவற்றில் ஒன்று. இரத்த அழுத்தம், சர்க்கரை, பார்வைக் குறைவு, தனிமை ஆகியவையும் அதில் உண்டு. காதில் விழாத பெயர் எப்படி நினைவில் ஏறும்? கொள்ளுப்பேத்தி பெயரை அவர் மறந்தாரா, கேட்கவே இல்லையா என்பதே இனிமேல்தான் தெரியும். முதலில் அமைதியான அறையில் அரை மணி நேரம் மட்டும் போட்டுப் பழக்குங்கள்.

ஆவணங்களை இப்போதே பேசுங்கள். தெளிந்த மனத்தோடு எழுதும் உயில்தான் சட்டப்படி செல்லும். காலையில், தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும் நேரத்தில், அவரோடு தனியாக உட்கார்ந்து அவர் விருப்பத்தை முதலில் கேளுங்கள். மருத்துவரிடம் அவருடைய தெளிவு பற்றிச் சான்று வாங்கி வைத்துக்கொண்டு, வழக்கறிஞரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பங்காளிகள் எல்லோரையும் கூட்டி நடு வளவில் வைத்துக் கேட்கவே கேட்காதீர்கள். குடும்பத்தில் யாராவது கையெழுத்துக்கு நெருக்கினாலோ, உங்களுக்கே வழி தெரியாமல் போனாலோ, 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழையுங்கள்.